முதல்லேர்ந்து சொல்லுங்க

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

போன ஒரு வருஷத்தில் ஒன்பது மேசைகளில் இதைக் கேட்டாயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் பேனா மூடி கழலும். இந்தப் பக்கம் என் மகள் கல்யாணத் தேதியிலிருந்து ஆரம்பிப்பாள். பாதியில் அவர்களுக்கு ஃபோன் வரும். பேசி முடித்துவிட்டு, "எங்க விட்டீங்க?" என்பார்கள். "பெல்ட்டுல விட்டேன் மேடம்" என்றாள் ஒருமுறை. அந்த அம்மா தலை நிமிராமல் "பெல்ட்" என்று எழுதிக்கொண்டார்.

நான் காரைக்கால் பக்கத்து நெரவிக்காரி. முப்பத்தோரு வருஷம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டால், அழித்துவிட்டு முதலிலிருந்து போடு என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அது சிலேட். அழித்தால் அழியும். என் மகள் ஒவ்வொரு தடவை முதலிலிருந்து சொல்லும்போதும் அந்த அடி மறுபடி அவள் மேல் விழுகிறது. வீட்டுக்கு வந்தால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் புருஷன் அடித்ததுக்கு அவன்தான் பொறுப்பு. இந்த ஒன்பது ராத்திரிக்கு யார் பொறுப்பு?

எழுதுகிறபோது நேர்மையாக எழுத வேண்டும். மேசை ஒன்பது இல்லை, பத்து. முதல் மேசை நான்தான்.

தலை தீபாவளிக்கு வந்திருந்தாள். விடியற்காலையில் மணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். முதுகில் கை போனதும் நெளிந்தாள். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தால், விலாவுக்குப் பக்கத்தில் கருநீலமாக ஒரு கோடு. "பாத்ரூம் குழாய்ல இடிச்சுக்கிட்டேம்மா" என்றாள். குழாய் அப்படிக் கோடு போடாது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் எனக்குத் தெரியுமென்று. சீயக்காய் போட்டுத் தலையை அலசிவிட்டேன். அதிரசமும் முறுக்கும் தூக்கு தூக்காகக் கட்டி, மாப்பிள்ளைக்கு மோதிரத்தையும் போட்டு அனுப்பினேன். இரண்டாம் தடவை இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். முன்பு "ஒரு பிள்ளை பொறந்தா சரியாயிடும்" என்றவள் நான். இப்போது "பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ அம்மாடி" என்றேன். இப்படி ஒரு வாயை வைத்துக்கொண்டு மற்றவர்களை என்ன கேட்பது என்று பல நாள் வாயடைத்துக் கிடந்தேன். தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019–21இல் எடுத்தது, சொல்கிறது: வன்முறைக்கு ஆளான பெண்கள் நூறு பேரில் உதவி என்று வாய் திறந்து கேட்டவர்கள் 14 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலானோர் யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு? என்னைக் கேட்டால் சொல்வேனே. சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அம்மா வாயிலிருந்தே அது வந்துவிடுகிறது.

மூன்றாம் தடவை நான் மாறினேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில் நடந்ததற்குப் பெயர் கவுன்சிலிங்.

ஒரு பெஞ்சில் அவளும் நானும். எதிர் பெஞ்சில் மாப்பிள்ளை, அவன் அண்ணன், சம்பந்தியம்மா, கூட ஊர்ப் பெரியவர் ஒருவர். "ஒரு கை தட்டினா ஓசை வருமாம்மா?" என்று ஆரம்பித்தார்கள். அவன் சொன்னான்: எதிர்த்துப் பேசறா, ஃபோனை நோண்டறா, சாப்பாடு வாயில வைக்க முடியல, கோவத்துல கை நீண்டுடுச்சு. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவளைப் பார்த்து, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்கள். அடித்தவன் புகார் கொடுக்க, அடிபட்டவள் விளக்கம் சொன்னாள்! கடைசியில், சமாதானமாகப் போகிறோம் என்று ஒரு தாள். கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அழகான கையெழுத்து என்று ஒருவர் பாராட்டினார்.

வெகு நாள் கழித்துத்தான் படித்தேன். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் வருஷ விதிகளில் கவுன்சிலிங்குக்கென்றே ஒரு விதி இருக்கிறது. அடித்ததற்கு நியாயம் கற்பித்துப் பேச எதிர்மனுதாரரை அங்கே அனுமதிக்கவே கூடாது. அனுமதி இல்லை என்பதை அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். இனி அடிக்க மாட்டேன் என்று அவர்தான் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தாளில் அடி என்ற சொல்லே இல்லை. "கருத்து வேறுபாடு" என்று இருந்தது.

காரைக்காலில் ஆனி பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், நானும் முந்தானையை விரித்துப் பிடித்திருக்கிறேன். காரைக்கால் அம்மையாரான புனிதவதியார் கதையை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இன்னொரு பழம் எங்கே என்று புருஷன் கணக்குக் கேட்டான். பிறகு கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். சேதி தெரிந்ததும் சுற்றத்தார் என்ன செய்தார்கள்? இந்த அம்மையைச் சிவிகையில் ஏற்றி அவனிடமே கொண்டுபோய் விட்டார்கள். அந்த இடத்தைப் பிள்ளைகளிடம் சட்டென்று தாண்டிவிடுவேன், அடுத்து வருகிற அற்புதத்துக்கு ஓடுவேன். இந்த வருஷம் அந்தச் சிவிகையிலேயே மனசு நின்றுவிட்டது. எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லவர்கள் கூடித்தான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் விடுகிறார்கள். அம்மையார் சதையை உதறி எலும்பாகிவிட்டார். எல்லோராலும் அது முடியுமா?

கையெழுத்துப் போட்ட பதினேழாம் நாள், விடிகிறதற்கு முன்னால் வாசலில் சத்தம். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்குகிறது. வலது கையில் பையன். முதல் பஸ்ஸில் நாகூர் வந்து, அங்கிருந்து வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம் வழியாக வந்திருக்கிறாள். பையன் காலில் செருப்பில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை. "பாட்டி, சத்தம் போடாம கதவைத் தொறக்க எனக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பழக்கம், பாருங்கள், "வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் அவள் வாயில் வந்தது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் அதுவே ஏறிவிட்டது. நான் ஓடிப்போய், இல்லை டாக்டர், புருஷன் முறுக்கியது என்றதும் அவர் என்னைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். எழுதினதை மாற்ற முடியாது என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மணிக்கட்டு முறுக்கி ஒடிந்ததும், விழுந்து ஒடிந்ததும் ஒன்றுபோலவா இருக்கும்? தனியாக ஒரு அறை, ஒரு நர்ஸ், "யாரும்மா செஞ்சது?" என்று ஒரே ஒரு கேள்வி. அது கிடைத்திருந்தால் இன்று எதிர்த் தரப்பு வக்கீல் கோர்ட்டில் அந்தத் தாளை ஆட்டிக்காட்ட மாட்டார்.

அப்புறம் வந்தது எல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நாங்கள் புதுச்சேரி. சுற்றிலும் தமிழ்நாடு. தலைமைச் செயலகமும் மகளிர் ஆணையமும் இருக்கிற எங்கள் தலைநகரத்துக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் தமிழ்நாட்டைக் கடந்து போக வேண்டும். வெள்ளைக்காரன் ஒருத்தனும் பிரெஞ்சுக்காரன் ஒருத்தனும் வயலில் கோடு போட்டு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரன் 1954இல் போய்விட்டான். கோடு போகவில்லை. பெண் கொடுக்கிறபோது யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை. நாங்களும் நாகூரைத் தாண்டித்தான் கொடுத்தோம். பஸ்ஸேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூப்பிடு தூரம் என்று சந்தோஷப்பட்டோம்.

மாவுக்கட்டோடு நம்ம பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். "சம்பவம் எங்க நடந்துச்சு? அந்தப் பக்கமா? அப்ப அங்கதான் குடுக்கணும்மா, அது வேற ஸ்டேட்." அந்தப் பக்கம் போனோம். "இப்ப எங்க இருக்கீங்க? நெரவியா? அங்கேயே மகளிர் ஸ்டேஷன் இருக்கே. ஏற்கெனவே சமாதானமாப் போறோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே." ரொம்ப வற்புறுத்தினதில், புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தது. எஃப்.ஐ.ஆர். இல்லை.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். என் மருமகன் குடிக்கிறது, எல்லையில் எங்கள் பக்கம் இருக்கிற வாஞ்சூரில். அந்தப் பக்கத்து ஆண்கள் சாயங்காலமானால் எல்லை தாண்டி எங்கள் மாநிலத்துக்கு வருவது எல்லாரும் பார்க்கிறதுதான். குடிப்பது எங்கள் மாநிலத்தில், அடிப்பது அவர்கள் மாநிலத்தில். பாட்டிலுக்கு உண்டான வரி எங்கள் கஜானாவில் விழுகிறது. உடைந்த மணிக்கட்டு மட்டும் யார் கணக்கிலும் வராதா?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளக் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுப் படித்தேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும் என்கிறது. ஸீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள் எங்கே அடைக்கலம் புகுந்தாளோ அங்கேயும் கொடுமை வழக்குப் போடலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடித்த காயம் அந்த ஊரில் ஆறிப்போவதில்லை, மனசில் அவளோடுகூட வருகிறது என்பதுதான் அதன் சாரம். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவும் அப்படியே: தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரின் கோர்ட்டே போதும், அந்த உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். இவ்வளவையும் ஒரு கிழவி எண்பது ரூபாய்ப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. அந்தந்த நாற்காலியில் இருப்பவர்கள் படிக்கக் கூடாதா?

அந்தப் புத்தகத்தில் என்னை உட்கார வைத்து அழ வைத்தது அதே சட்டத்தின் 9ஆவது பிரிவு. பாதுகாப்பு அதிகாரியின் கடமைகள். பாதிக்கப்பட்டவள் சொல்வதை அவர் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். நகலைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கென்று பதிவு செய்த சேவை அமைப்புகளுக்கும் அனுப்ப வேண்டும். இலவசச் சட்ட உதவி கிடைக்கப் பார்க்க வேண்டும். அவள் கேட்டால் தங்குமிடம், காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை. எல்லாம் அவர் வேலை. அதாவது, அவள் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். ஒரு மேசையில் சொன்னதை மற்ற மேசைகளுக்குத் தாள் கொண்டுபோகும், அவள் போக வேண்டியதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவதி இதை யோசித்திருக்கிறாள். யோசித்து, சட்டமாக்கி, 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். என் மகள் ஒன்பது தடவை சொன்னது 2025இல்.

இப்படி ஒரு அதிகாரி இருக்கிறார் என்று முதல் நான்கு மேசைகளில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது போலீசின் கடமை. அதுவும் 5ஆவது பிரிவில் இருக்கிறது. கடைசியில் நாங்களாகத் தேடிக் கண்டுபிடித்த அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மேசையில் வேறு திட்டங்களின் ஃபைல்கள் கழுத்து உயரம். வண்டி கிடையாது. "நோட்டீஸ் குடுக்க நானே பஸ்லதான் போகணும் டீச்சர்" என்றார். கடமை தவறினால் அவருக்கு ஒரு வருஷ ஜெயில், 20,000 ரூபாய் அபராதம் என்று 33ஆவது பிரிவு மிரட்டுகிறது. அதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 34ஆவது பிரிவு தடவிக் கொடுக்கிறது. ஒருவருக்கு மூன்று பேர் வேலையைக் கொடுத்துவிட்டு மிரட்டுவானேன், தடவுவானேன்? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சொன்னது: மாவட்டத்திலும் தாலுகாவிலும் பாதுகாப்பு அதிகாரிகளை ஆறு வாரத்துக்குள் நியமியுங்கள். சட்டம் வந்து இத்தனை வருஷம் கழித்து, ஆளைப் போடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருக்கிறது.

பிரேசிலில் மரியா டா பென்ஹா என்று ஒரு பெண்மணி. 1983இல் புருஷன் சுட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனவர். கிட்டத்தட்ட இருபது வருஷம் போராடினார். அவர் பெயரிலேயே 2006 ஆகஸ்டில் சட்டம் வந்தது, நம் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே வருஷந்தான். அங்கே சில நகரங்களில் ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். போலீஸ், கோர்ட், அரசு வக்கீல், மனநல ஆலோசகர், தங்குமிடம் எல்லாம் ஒரே கூரைக்கடியில். நம் அரசும் 2015இல் ஒன் ஸ்டாப் சென்டர் என்று ஆரம்பித்தது. பெயர் சரியாகத்தான் வைத்தார்கள். ஆனால் திட்டப்படி அங்கே தங்க ஐந்து நாள். கூட வருகிற ஆண்பிள்ளைக்கு வயது வரம்பு. ஐந்து நாளில் வாடகைக்கு வீடு கிடைக்குமா? தனியாக வந்த பொம்பளைக்கு யார் வீடு தருவார்கள்? எனக்கு ஒரு ஓட்டு வீடும் பென்ஷனும் இருந்ததால் என் மகள் பிழைத்தாள். தாய் வீடு இல்லாதவள் ஆறாம் நாள் பஸ்ஸேறி அவனிடமேதான் போவாள். போய்விட்டாள் என்றதும் ஃபைலை மூடுவார்கள், "சமரசம்" என்று.

அடிபட்டவள் ஒருத்தி என்றால் அவளோடு சேர்ந்து இழுபடுகிறவர்களை எந்தப் படிவமும் கேட்பதில்லை. பேரனை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களைப் போல ஒன்றுதான். "டி.சி. வேணும் டீச்சர்." டி.சி. அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பள்ளியில் "அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார்கள். தாயின் கையெழுத்துக்கு மதிப்பில்லையா என்று கேட்டேன். இப்படி எத்தனை தாய்மார்களிடம் நானே அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருப்பேன் என்று நினைத்ததும் குரல் கம்மிவிட்டது. இரண்டு மாதம் பிள்ளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழைய சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். வாசலில் பைக் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவான். அவனிடம் பேச, பேச வைக்க, ஒரு ஆள் வரவில்லை. அவன் பார்த்ததெல்லாம் யார் படிவத்தில் எந்தக் கட்டம்?

கோர்ட்டுக்கு வந்தோம். பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருஷச் சட்ட உதவிச் சட்டம். கிடைத்தார், நல்ல பெண். மனுப் போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. அறுபது நாள் எங்களுக்கு எப்போதோ போயிற்று, இப்போது பதினோராவது மாதம். ஒரு வாய்தாவுக்கு நோட்டீஸ் சார்வு ஆகவில்லை. ஒரு வாய்தாவுக்கு அவன் வரவில்லை. ஒரு வாய்தாவுக்கு நீதிபதி மாறுதல். புதிதாக வந்தவர் கனிவாகத்தான் பேசினார். "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார்.

அன்றைக்கு என் மகள் சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்த கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். அது சரியாகக் கூடவில்லை. முழுசாகத் திரும்பாது. இலை போட்டுப் பரிமாற முடியாது, தையல் மெஷின் சக்கரத்தைப் பிடிக்க முடியாது. கோர்ட்டில் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். எதிர் வக்கீல் எழுந்து, "வழுக்கி விழுந்ததுன்னு ஆஸ்பத்திரி ரெக்கார்டே இருக்கு" என்றார்.

எனக்கு இரக்கம் வேண்டாம். கண்ணீர் எங்களிடமே கிடக்கிறது, யாரும் வந்து ஊற்ற வேண்டாம். ஒரு ஆள் வேண்டும். எங்கள் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க, நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்று எங்களுக்கு முன்னால் நடக்கிற ஒரே ஒரு ஆள். வாஞ்சூரைத் தாண்டினாலும் நடக்கிற ஆள். காரைக்காலும் நாகப்பட்டினமும் மணல் லாரியைப் பிடிக்கப் பேசிக்கொள்கின்றன, வெள்ளம் வந்தால் பேசிக்கொள்கின்றன. ஒரு பெண்ணின் புகாரைப் பற்றி இரண்டு ஸ்டேஷனும் ஒரு ஃபோன் பேசிக்கொள்ளக் கூடாதா? நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. 9ஆவது பிரிவைத்தான் கேட்கிறேன். அச்சடித்து வைத்திருப்பதைத்தான் கேட்கிறேன்.

"எதுக்கு டீச்சர் இதெல்லாம் வெளிய எழுதறீங்க, பொண்ணோட வாழ்க்கை" என்கிறார்கள் தெருவில். பொண்ணோட வாழ்க்கையைப் பற்றி ரொம்ப நாள் வெளியே சொல்லாமல் இருந்து பார்த்தவள் நான்.

வர்ற செவ்வாய்க்கிழமை வாய்தா. மஞ்சள் பையில் மனு, சி.எஸ்.ஆர். ரசீது, ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, சீர் சாமான் பட்டியல், நகையின் அடகுச் சீட்டு, டி.சி. கேட்டு எழுதின கடிதங்கள். கோர்ட் உத்தரவின் நகல் இலவசமாகத் தர வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. உத்தரவு வந்தால்தானே. மற்றவற்றுக்கு நாங்கள்தான் ஜெராக்ஸ் போடுகிறோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை. இருபது வயசுப் பையன். முதல் தடவை எத்தனை செட் என்று கேட்டான். இரண்டாம் தடவை, எந்தத் தாளை முன்னால் வைக்கணும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். இப்போது எதுவும் கேட்பதில்லை. எங்கள் தலையைக் கண்டதும் பையை வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, எக்ஸ்ரேயை மடங்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஆறு செட் போட்டுப் பின் அடித்துத் தருகிறான்.

போன வாரம் காசைக் கொடுத்தபோது, கடைசி செட்டை மேலே வைத்துவிட்டு, "இன்னும் முடியலையாக்கா?" என்றான் என் மகளைப் பார்த்து. அவள் அவனிடம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினாள். நடுவிலிருந்து ஆரம்பித்தாள்.